வெயிலில் போகாமலே கறுத்த பிள்ளை

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அசதி என்றுதான் சொல்வார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் அப்படியே நிற்பார்கள், எந்தப் பக்கம் வீடு என்பதையே யோசிப்பது போல. நானும் அப்படி நிற்கிறவள்தான். செல்போன் சார்ஜருக்குள் போகும் சின்ன போர்டுகளைச் சோதித்துத் தள்ளும் லைனில், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. என் வீட்டுக்காரர் ஏழுமலை வல்லம் வடகாலில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவர் கிளம்புவார். ஆகவே எங்கள் மகள் ஹரிணி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் படுக்க ஆரம்பித்தபோது, அதை ஒரு நோய் என்று எங்களுக்கு நினைக்கத் தோன்றவில்லை. இந்த வீட்டுப் பிள்ளை, அவளுக்கும் அசதி. அவ்வளவுதான்.

அப்போது அவள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் கோ-கோ ஆடுகிறவள். அதை முதலில் விட்டாள். "ஏண்டி போல?" என்றால், "நாளிக்குப் போறேன்" என்பாள். பிறகு சாப்பாடு குறைந்தது. ஒரு இட்லியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். வயிறு வலிக்கிறது என்பாள், எங்கே என்று கேட்டால் காட்டத் தெரியாது. காலையில் பாயிலிருந்து எழுந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு போட வேண்டியிருந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுதாள்.

இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. சமையலறைக்குப் போய்க் கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். ஊறுகாயைச் சோறில்லாமல் நக்குவாள். ரசத்தில் உப்புப் போட்டுக் குடிப்பாள். வளர்கிற பெண், நாக்குக்கு எதையாவது தேடுகிறது என்று விட்டுவிட்டேன்.

ஏழுமலையின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் கோமளா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறார். எங்களுக்கு ஷிப்ட் ஒத்துவராத நாளில் ஹரிணி அவரிடம்தான் இருப்பாள். அண்ணி வேறொன்றைக் கவனித்தார்.

"இன்னா சுமதி, புள்ள இப்டி கறுத்துகினே போவுது? மொகத்துல தெளிவே இல்ல. வெயில்ல ஆட வுடாத."

எங்கள் வீட்டில் யாரும் சிவப்பில்லை. ஹரிணியும் பிறந்ததிலிருந்து கறுப்புதான். ஆனாலும் அண்ணி சொன்னது நிஜம். புறங்கை முட்டி, முழங்கை எல்லாம் கரி பூசியது போல ஆகியிருந்தது. அண்ணி கஸ்தூரி மஞ்சள் கொண்டுவந்தார், முகத்துக்கு ஒரு கிரீம் வாங்கித் தந்தார். ஹரிணி சொன்னபடி பூசிக்கொண்டாள். எதிர்த்துப் பேசக்கூட அவளிடம் தெம்பில்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது.

வாலாஜாபாத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். அசதி என்று வருகிற பிள்ளைக்கு முதலில் ரத்தசோகை இருக்கிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா, கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்க நான் பயந்துகொண்டே போனேன். எல்லாம் நார்மல். அன்று வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் நானும் அவளும் சந்தோஷமாக ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடித்தோம். பூச்சி மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார்கள். ஒரு மாதம் குடித்தும் ஒன்றும் மாறவில்லை. மறுபடி போனபோது, தூக்கம் எப்படி, போன் பார்க்கிறாளா, பள்ளியில் யாராவது கஷ்டப்படுத்துகிறார்களா என்று கேட்டார். "மனசுல எதாவது இருக்கலாம்மா. வீட்ல பக்குவமா கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டேன். மடியில் படுக்கவைத்து, தலையைக் கோதிக்கொண்டே கேட்டேன். அவள் அழுதாள்.

"எனக்கு மன்சுல ஒண்ணும் இல்லம்மா. காலு வர மாட்டேங்குது."

அந்த வார்த்தையை எந்த டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நார்மல் என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் கால் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

மழைக்காலத்தில் அவளுக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் வந்த காய்ச்சல்தான். மற்றப் பிள்ளைகள் மூன்றாம் நாள் எழுந்து விளையாடின. இவள் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டுபோனாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்திருக்கிறது, வாந்தி எடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று சொல்லி சலைன் ஏற்றினார்கள். மறுநாளே தெளிந்துவிட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஏழுமலைக்கு உயிர் வந்தது.

"பாத்தியா, ஒடம்புல தண்ணி இல்ல, அவ்ளோதான். இனிமே நா பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அவர் கையில் ஒரு இளநீர் இருக்கும். வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு வருவார். அவரே வெட்டி, டம்ளரில் ஊற்றி, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். தன் கையிலிருந்து போகிற ஒரே வைத்தியம் என்று அதை நினைத்தார். இரண்டு வாரம் அவள் கொஞ்சம் நன்றாக இருந்தது போலத் தெரிந்தது. பிறகு பழையபடி பாய்க்குப் போய்விட்டாள்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் காலை. நான் லைனில் இருந்தேன். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும். சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது ஏதோ போர்டு ரிஜெக்ட் ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். ஆபீஸ் போனில் கோமளா அண்ணி.

"சுமதி, கொழாகிட்ட பல்லு வெளக்கிகினு இருந்தா. அப்டியே வுழுந்துட்டா. கூப்ட்டா முழிக்கிறா, மறுபடி மூடிக்கிறா. நா ஆட்டோல ஏத்திட்டேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வா."

லாக்கரிலிருந்து போனை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பெனி கோட்டும் தொப்பியும் போட்டபடியே, கூட வேலை செய்கிற ஒரு பெண்ணின் வண்டியில் ஸ்ரீபெரும்புதூர் போனேன். அங்கே சோதித்தபோது அவள் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. உடனே அதை ஏற்றினார்கள். ஆனால் பிரஷர் ஏறவில்லை. "இங்க வச்சுப் பாக்கற விஷயம் இல்லம்மா, சென்னைக்குக் கொண்டுபோங்க" என்று அவர்களே பேசி ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்கள். ஹைவேயில் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். நான் ஹரிணியின் பாதத்தைப் பிடித்திருந்தேன். ஜில்லென்று இருந்தது. எதிர்ப்பக்கம் அண்ணி, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்த அவசரத்திலும் மாற்றுத்துணி, சோப்பு, சின்னத் துண்டு, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் எடுத்து வைத்திருந்தார்.

சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் வந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே அவருக்கும் கருவளையம். சலைன் போடச் சொல்லிவிட்டு, அண்ணி எடுத்துக் கொடுத்த ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு ஹரிணியின் முகத்தையே பார்த்தார்.

"அம்மா, பாப்பா எப்பவும் இந்த நிறம்தானா?"

"எங்க வூட்ல எல்லாரும் கறுப்புதான் மேடம்."

"அது இல்லம்மா. போன வருஷம் எப்படி இருந்தா? போட்டோ இருக்கா?"

போனில் தேடி எடுத்தேன். பள்ளி விளையாட்டு விழாவில் கோப்பையோடு நிற்கிற படம். டாக்டர் போனை ஹரிணியின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இரண்டும் ஒரே பிள்ளை என்று சொல்ல முடியாது.

"வெயில்ல ஆடிகினே இருப்பா மேடம், அதான்..."

"இப்ப ஆடறாளா?"

"இல்லீங்க. ஸ்கூல் வுட்டா படுத்துக்கும்."

"எவ்வளவு நாளா?"

"அஞ்சாறு மாசமா."

"அப்ப வெயில்லயே போகாத பிள்ளை எப்படிம்மா கறுத்தா?"

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதக்கணக்கில் தினமும் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். எங்களுக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

டாக்டர் என் கையை நீட்டச் சொன்னார். என் உள்ளங்கை ரேகைகள் வெளுப்பாக இருந்தன. ஹரிணியின் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்தார். அதில் ரேகை ஒவ்வொன்றும் பேனாவால் இழுத்தது போலக் கறுப்பாக ஓடியது. உதட்டை விலக்கி ஈறைக் காட்டினார். நாவல்பழம் தின்றது போல அங்கங்கே திட்டு.

"உப்பு ரொம்பக் கேக்கறாளா? தனியா எடுத்துச் சாப்பிடறாளா?"

"யாரு மேடம் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. சாப்பிடறாளா?"

தலையாட்டினேன். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு இரண்டு மூன்று குழாயில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒன்றை ஐஸில் வைத்து லேபுக்கு அனுப்பினார்கள். எடுத்த கையோடு ஒரு ஊசி போட்டார்கள். "ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. நான் நினைக்கறது சரின்னா சாயங்காலமே உங்களுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார்.

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். அந்த ஹாலில் நூறு பேர் இருந்திருப்பார்கள், சத்தமே இல்லை. குழந்தைகள் வார்டுக்கு வெளியே இருக்கிற பெற்றோர் அதிகம் பேசுவதில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். ஏழுமலை குடோனிலிருந்து நேராக வந்து சேர்ந்தார், ஷூ கூடக் கழற்றாமல். கையில் இளநீர். "கேட்ல வாங்கினேன்" என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே என் தோளில் தலையைச் சாய்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

சாயங்காலம் உள்ளே கூப்பிட்டார்கள். ஹரிணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளாக உட்கார்ந்திருந்தாள், யாரும் பிடிக்கவில்லை.

"அம்மா, பசிக்குது. தோசை கெடைக்குமா?"

மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து பசி என்ற சொல்லைக் கேட்டதில்லை. அண்ணி அந்த இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினார். ஏழுமலை இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு நீட்டினார். இளம் டாக்டர் வேகமாக வந்து கையைக் காட்டித் தடுத்தார்.

"இளநீர் வேண்டாம்ப்பா இப்போ. இவ ரத்தத்துல சோடியம்னு ஒரு உப்பு கம்மி, பொட்டாசியம்னு இன்னொரு உப்பு அதிகம். இளநீர்ல அந்தப் பொட்டாசியம்தான் நிறைய இருக்கு. ஏறினா இதயத்துக்கு ஆபத்து."

அவர் இளநீரைப் பிடித்த கை அப்படியே நின்றது. "டெய்லி குடுத்துகினு இருந்தேனே மேடம்" என்றார்.

"யாருக்குமே தெரியாத நோய். அசதிக்கு எல்லாரும் குடுக்கறதைத்தானே நீங்களும் குடுத்தீங்க? விடுங்க."

அவர் விடவில்லை. வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி போய்ப் பக்கத்தில் நின்றார். அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நோயின் பெயரை மூன்று நாள் கழித்துத்தான் பெரிய டாக்டர் சொன்னார். அடிசன் நோய். அவர் தாளில் படம் போட்டு விளக்கினார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்தது போல ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. காய்ச்சல், அடி, பட்டினி என்று உடம்புக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் அதைத் தாங்கும் சக்தியை அந்தச் சுரப்பியில் ஊறும் கார்ட்டிசால் என்ற பொருள்தான் கொடுக்கிறது. உடம்பில் உப்பை நிறுத்திவைப்பதும் அதே சுரப்பியின் வேலை. ஹரிணிக்கு அந்தச் சுரப்பி கெட்டுப்போய்விட்டது. உப்பெல்லாம் சிறுநீரில் போய்விட்டது. அதனால்தான் நாக்கு உப்பைத் தேடியது. சலைனில் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான் என்பதால்தான் அதை ஏற்றியதும் தெளிந்தாள்.

"அப்ப கறுப்பு?" என்று கேட்டது அண்ணி.

"வேலை செய், வேலை செய்னு மூளை அந்தச் சுரப்பிக்கு ஒரு உத்தரவு அனுப்பும். சுரப்பி கேக்கலன்னா மூளை விடாது, மேல மேல அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்த உத்தரவு ரத்தத்துல அதிகமானா தோலைக் கறுக்க வைக்கும்."

சுரப்பி எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க இன்னும் சோதனைகள் இருந்தன. நம் ஊரில் டிபி கிருமி அங்கே போய்த் தங்கியும் கெடுக்கலாம், உடம்பே தன் சுரப்பியை அந்நியன் என்று எண்ணித் தாக்கியும் கெடுக்கலாம் என்றார்கள். கையில் ஒரு ஊசி போட்டு வீங்குகிறதா என்று பார்த்தார்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன். ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரில் போகும் வழியெல்லாம் ஹரிணி கூரையைப் பார்த்து டியூப்லைட் எண்ணிக்கொண்டு வந்தாள்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் டிபியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். டிபி என்றால் மாத்திரை உண்டு, சில மாதத்தில் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் லைனில் ஒரு பெண் அப்படிக் குணமாகி வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். முடிந்துவிடும் என்ற ஒரு சொல்லுக்காகப் பெற்ற மகளுக்கு டிபி வரட்டும் என்று கும்பிட்டேன். ரிசல்ட்டில் டிபி இல்லை. உடம்பே தாக்கிய வகைதான். பெரிய டாக்டரிடம் என் ஏமாற்றத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"டிபியா இருந்தாலும் கெட்டுப்போன சுரப்பி பெரும்பாலும் திரும்பாதும்மா. எப்படி இருந்தாலும் மாத்திரை ஆயுசுக்கும்தான்."

ஆயுசுக்கும். அவளுக்குப் பதினோரு வயது.

மாத்திரை ஸ்டீராய்டு என்றதும் ஏழுமலை அரண்டுபோனார். "எங்க குடோன்ல ஒரு பையன் ஜிம்முக்குப் போயி அத போட்டுகினு மொகமெல்லாம் ஊதிப்போச்சு மேடம். பொம்பளப் புள்ள."

இளம் டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். அது வேறு சமாச்சாரம். ஜிம்முக்குப் போகிறவர்கள் உடம்பில் இருப்பதற்கு மேல் போடுகிறார்கள், இவளுக்கு இல்லாததைக் கொடுக்கிறோம். அளவாகக் கொடுத்தால் எல்லாப் பிள்ளையையும் போல வளர்வாள், படிப்பாள், கல்யாணம் செய்துகொள்வாள். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் தொடையில் ஊசி போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த ஊசியை வீட்டில் இருக்கிறவர்களே போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஊசி போடக் கற்றுக்கொடுத்த அன்று ஏழுமலை, "நீ பாத்துக்கோ, டீ வாங்கினு வரேன்" என்று எழுந்து போய்விட்டார். டன் கணக்கில் சரக்கைத் தூக்கி அடுக்குகிறவர். நர்ஸ் ஒரு ஆரஞ்சுப் பழத்தை என் கையில் கொடுத்தார். பொடி இருக்கும் குப்பியில் தண்ணீரைச் செலுத்திக் கலக்கி, மருந்தை இழுத்து, காற்றை வெளியே தள்ளி, நேராகக் குத்த வேண்டும். ஹரிணி கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள், தனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ கைத்தொழில் வகுப்பு போல.

இரண்டு வாரத்துக்குமேல் அங்கே இருந்தோம். சாப்பாடு அண்ணி பொறுப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், தைக்க வந்த ஜாக்கெட்டுகளை அப்படியே போட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வருவார். சோறு, குழம்பு, ஹரிணிக்கு என்று தனியாக உப்புப் போட்டு உலர்த்திப் பொரித்த கத்தரி வற்றல். அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்த கிரீம் குடுத்தேனே, எரிஞ்சிதா கண்ணு?" என்று கேட்டார். "லைட்டா எரிஞ்சிது அத்த" என்றாள் அவள். அண்ணி அந்தக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

செலவைப் பற்றி எழுதப்போவதில்லை. என் வேலை மட்டும் போனது. நான் கான்ட்ராக்ட் ஆள். முதல் வாரம் கான்ட்ராக்டர் போன் செய்து குழந்தை எப்படி என்று கேட்டார். இரண்டாம் வாரம் போன் வரவில்லை. திரும்பிப் போனபோது என் இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. சில மாதம் கழித்து மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். தூரம் அதிகம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உப்பை நிறுத்திவைக்கும் சின்ன மாத்திரை எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் கிடைக்கவில்லை. ஏழுமலை வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். காலையில் ஒன்று, மத்தியானம் பள்ளியில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அந்த ஸ்டீராய்டு மாத்திரை. மத்தியான மாத்திரையை டீச்சர் கண்முன்னே போடச் சொல்லியிருந்தோம். பெஞ்சில் கூட உட்காரும் பிள்ளைகள் கேட்டதற்கு, "எனக்கு உள்ள ஒரு பார்ட் ரிப்பேர். அதுக்கு ஸ்பேர்" என்று சொன்னாளாம். எங்கள் வீட்டுப் பேச்சு அப்படி.

கறுப்பு மெதுவாக இறங்கியது. பழைய நிறத்துக்கு, அதாவது எங்கள் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தாள். எடை ஏறியது. சத்தம் போட்டாள், எதிர்த்துப் பேசினாள், அவள் பாட்டுக்குக் கதவை அறைந்து சாத்தினாள். ஆனால் நான் நிம்மதியாக இல்லை. அவள் கொஞ்சம் சாய்ந்து படுத்தால் போதும், பக்கத்தில் போய்ப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். "சும்மா படுத்துகினு கீறேம்மா, வுடேன்!" என்று காலை உதறுவாள். எல்லாப் பிள்ளைக்கும் வருகிற சாதாரண அசதி எது, நோயின் அசதி எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியாது.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழுமலை ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்தார். ஹரிணிக்குக் காலையிலேயே உடம்பு சுட்டது. சொல்லியிருந்தபடி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன், அதுவும் வந்துவிட்டது. முகம் வெளிறி, கண் சொருகுவது போல இருந்தது. அலமாரியிலிருந்து ஊசி டப்பாவை எடுத்தேன். குப்பியின் மூடியை நெம்பித் திறந்து, மருந்தைக் கலக்கி இழுத்துக்கொண்டு வந்தும், குத்த மனம் வரவில்லை. ஆரஞ்சுப் பழம் அழாது, துடிக்காது. இது என் பிள்ளையின் தொடை.

"அம்மா." அவள் பாவாடையைத் தானே ஏற்றிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். "குத்தும்மா. நா பாக்கல."

குத்தினேன். மருந்தை முழுதும் செலுத்தி, ஊசியை வெளியே எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினேன். அவள் ஒரு முறை "ஸ்" என்றாள், அவ்வளவுதான். நான்தான் வாய்விட்டு அழுதேன். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, ஆட்டோ பிடித்து, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் நோயையும் மருந்தையும் எழுதிச் சென்னையில் கொடுத்திருந்த கார்டைப் படித்தார், அதிலிருந்த டாக்டர் நம்பருக்கு போன் போட்டார், சலைனை ஆரம்பித்தார். "ஊசி யாரும்மா போட்டது?" என்றார். நான் என்று சொன்னேன். "சரியான நேரத்துல போட்டீங்க" என்றார்.

ஏழுமலை வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஹரிணி தூங்கிக்கொண்டிருந்தாள். பாதம் சூடாக இருந்தது. அவர் கட்டிலைச் சுற்றி வந்து, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்தார்.

"யாரு போட்டது?"

"நாந்தான்."

அவர் என் கையையே பார்த்தார். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீ ஷிப்ட்ல இருக்கறப்ப நா மட்டும் இருந்தா இன்னா பண்றது?" என்றார். பிறகு, "எனக்கும் சொல்லிக்குடு" என்றார்.

பையில் இன்னும் பிரிக்காத ஒரு சிரிஞ்ச் இருந்தது. பிரித்து, ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு அதை அவரிடம் கொடுத்தேன். ஃபோர்க்லிஃப்ட் லீவரைப் பிடிக்கிற கை, அந்தச் சின்னக் குழாயை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திணறியது. டம்ளர் தண்ணீரில் விட்டு இழுத்தார், பாதி தண்ணீர், பாதி காற்று. அதை அப்படியே குத்திப் பழகத் தலையணைக்குக் கொண்டுபோனார்.

"அப்டி இல்லப்பா." ஹரிணி எப்போது கண் விழித்தாள் என்று தெரியவில்லை. கையில் சலைன் குழாயோடு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "மொதல்ல காத்த வெளிய தள்ளணும். குடு, நா காட்றேன்."